கார் கழுவும் வேனுக்குக் கரண்ட் எப்படி?

வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குக் கார் கழுவ ஒரு வேன் வரும். தூசி உறிஞ்சும் மெஷின், தண்ணீர் பம்பு எல்லாம் அதிலேயே ஓடுது. கரண்ட் எங்கிருந்து?

வேன் பேட்டரி 12 வோல்ட். மெஷினுக்கு 230 வோல்ட் வேணும். இன்வெர்ட்டர் மாற்றித் தரும். ஆனால் வாட் = வோல்ட் × ஆம்பியர். 1200 வாட் மெஷின் வீட்டு பிளக்கில் 5, 6 ஆம்பியர்தான் எடுக்கும். பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்! சன்ன ஒயர் உருகிடும். பேட்டரியும் சீக்கிரம் இறங்கிடும்.

அதனால் ஜெனரேட்டர் வைக்கிறார்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கு. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2024 டிசம்பரில் கேரளா வடகரையில் நின்ற கேரவனுக்குள் ஜெனரேட்டர் புகை புகுந்து இரண்டு பேர் இறந்துபோனார்கள்.

எங்கள் தெரு வேன்கார அண்ணன் மத்தியானம் உள்ளேயே படுப்பார். "ஜெனரேட்டரை வெளியே தள்ளி வைங்க, அது ஓடும்போது உள்ளே படுக்காதீங்கண்ணா" என்று சொல்லிட்டேன்.