படகிலிருந்து எடுத்துவைத்த அடி

வேதபகுதி: மத்தேயு 14:22–33; மத்தேயு 4:5–7

சில ஆண்டுகளுக்கு முன், நள்ளிரவு கடந்த வேளையில், மூச்சு வாங்கித் துவண்டுபோன மகனைத் தோளில் தாங்கியபடி ஒரு தந்தை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். உடலில் இன்சுலின் சுரக்காத முதல் வகை நீரிழிவு அந்த இளைஞனுக்கு இருந்தது. ஜெபக்கூட்டம் ஒன்றில் பூரண சுகம் கிடைத்துவிட்டதென்று நம்பி, நான்கு நாள்களாக ஊசியை நிறுத்தியிருந்தார்கள். இரத்தத்தில் அமிலம் பெருகி, உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவன் கண்விழித்துத் தண்ணீர் கேட்டான். அப்போது தந்தை என்னிடம் தாழ்ந்த குரலில், “டாக்டர், எங்கள் விசுவாசம் போதவில்லையா?” என்று வினவினார்.

நான் இன்சுலின் வேலைசெய்யும் விதத்தை விளக்கினேன். நான் சொன்னது சரியே. ஆனால் அவர் கேட்டது அதுவன்று. அன்று நான் தராத பதிலை இந்தப் பாடத்தில் வேதத்தின் வெளிச்சத்தில் தேடுவோம்.

1. அழைப்புக்குப் பின் எடுத்துவைத்த அடி

இரவின் நான்காம் ஜாமம். எதிர்காற்றில் படகு அலைக்கழிகிறது. கடலின்மேல் நடந்துவரும் இயேசுவைக் கண்டு சீஷர்கள் அலறுகிறார்கள். அவர்களுள் ஒருவராகிய பேதுரு மீனவர். அந்தக் கடலின் ஆழத்தையும் காற்றின் சீற்றத்தையும் சிறுவயது முதல் அறிந்தவர். ஆபத்தை அறியாதவரின் துணிச்சல் அன்று அவருடையது. அவர் உடனே குதிக்கவுமில்லை. நீரே ஆனால் நான் வரக் கட்டளையிடும் என்று முதலில் கேட்கிறார். அழைப்பு வந்தபின்பே படகைவிட்டு இறங்குகிறார். விசுவாசம் ஆபத்தைக் கணக்கிடத் தெரியாத நிலை அல்ல. கணக்கிட்ட பின்னும் அழைத்தவரை நோக்கி நடப்பதே விசுவாசம்.

2. குதிக்க மறுத்த கர்த்தர்

இதே சுவிசேஷத்தில் மற்றொரு காட்சி உண்டு. தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் இயேசுவைத் தூண்டுகிறான். அதற்கு வேதவசனத்தையே ஆதாரமாகக் காட்டுகிறான். இயேசு மறுக்கிறார். தேவனைப் பரீட்சை பார்ப்பது விசுவாசமாகாது என்பதே அவருடைய பதிலின் பொருள். வெளிப்பார்வைக்கு இரண்டும் துணிகரச் செயல்களே. ஆயினும் பேதுரு அழைப்புக்குக் கீழ்ப்படிந்தார்; உப்பரிகையிலிருந்து குதிப்பதோ தேவனை நிர்ப்பந்திப்பதாகும்.

இன்சுலினை நிறுத்துவதும், காசநோய் மாத்திரைகளைப் பாதியில் விடுவதும், வலிப்பு மருந்தைத் திடீரெனக் கைவிடுவதும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவாக வியாதிப்பட்டபோது, அவருடைய ஆயுளில் 15 ஆண்டுகளைக் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்களித்தார். வாக்கு கிடைத்த பின்பும் ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் செய்தார் (2 இராஜாக்கள் 20:1–7). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன. ஒன்று மற்றொன்றை அவமதிக்கவில்லை.

3. மூழ்கும்போது நீட்டப்பட்ட கரம்

தண்ணீரின்மேல் நடந்த பேதுரு, காற்றைக் கண்டு பயந்து அமிழ்ந்துபோகிறார். அவருடைய ஜெபம் மிகச் சிறியது. காப்பாற்றும்படி ஒரு கூக்குரல், அவ்வளவே. இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்துக்கொள்கிறார். அற்பவிசுவாசத்தைக் குறித்த கேள்வி அதன் பின்னரே வருகிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கரம், பிறகே கேள்வி. விசுவாசம் நிறையும்வரை அவர் பேதுருவைத் தண்ணீரில் விட்டுவைக்கவில்லை.

அறுவை அரங்குக்குச் செல்லும் வழியில் உடல் நடுங்குகிறதா? நடுங்குவது பாவமல்ல. பயமற்றவர்களை மட்டும் அவர் தாங்குவதாக வேதம் எங்கும் சொல்லவில்லை.

4. கால்கள் நடக்காதபோதும்

விசுவாசத்தோடு எடுத்துவைக்கும் அடி, நாம் விரும்பிய முடிவைத் தருமென்று உறுதி உண்டா? இல்லை. அக்கினிச்சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபரும், தேவன் விடுவிக்காமற்போனாலும் தாங்கள் பின்வாங்கப்போவதில்லை என்றே ராஜாவிடம் கூறினார்கள் (தானியேல் 3:16–18).

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு காயமுற்று, இடுப்புக்குக் கீழ் உணர்வையும் அசைவையும் இழந்தார். பல அறுவைகளுக்குப் பின்னும் அவருடைய கால்கள் நடக்கவில்லை. டாக்டர் பால் பிராண்ட் அளித்த ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவைகளைக் கற்றுச் செய்யத் தொடங்கினார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைத் தலைமையேற்று வளர்த்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவர் கேட்ட சுகம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் எடுத்துவைத்த அடியால், தண்டுவடம் காயமுற்ற எத்தனையோ பேர் மீண்டும் வாழக் கற்றுக்கொண்டார்கள்.

5. இன்று நாம் எடுத்துவைக்கும் அடி

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சிகிச்சையால் என்ன நன்மை? என்ன ஆபத்துகள் நேரக்கூடும்? வேறு வழிகள் உண்டா? ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இவற்றைக் கேட்பது அவிசுவாசம் அல்ல. பேதுருவும் கேட்ட பிறகே இறங்கினார். கேட்டறிந்து, ஜெபித்து, முடிவெடுங்கள். குணமாகும் வாய்ப்பு அருகிவிட்ட நிலையில், கடுமையான சிகிச்சையை வேண்டாமென்று சொல்லி, வலிநிவாரணத்தோடு தம் வீட்டாரிடையே இருக்கத் தீர்மானிப்பதும் விசுவாசத்தின் அடியாக இருக்கக்கூடும்.

உடனிருந்து பேணுவோருக்கு ஒரு வார்த்தை. கப்பர்நகூமில் நான்கு பேர் வீட்டின் மேற்கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு இறக்கினார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்கிறது மாற்கு 2:5. நோயாளி நம்பிக்கை இழந்து சோர்ந்திருக்கும் நாள்களில், நீங்கள் அவருக்காகச் சுமப்பதும் கணக்கில் வருகிறது.

அந்தத் தந்தைக்கு இன்று நான் இப்படிச் சொல்வேன்: “ஐயா, உங்கள் விசுவாசம் குறைந்துபோகவில்லை, அழைப்பில்லாத இடத்தில் அடி எடுத்துவைத்துவிட்டீர்கள். மகனைத் தோளில் சுமந்து நள்ளிரவில் இங்கே ஓடிவந்தீர்களே, அதுவே அன்று நீங்கள் எடுத்துவைத்த விசுவாச அடி.”

சிந்திக்க:
• நான் எடுக்கவிருக்கும் முடிவு கீழ்ப்படிதலா, தேவனைப் பரீட்சை பார்ப்பதா?
• பயத்தால் நான் தள்ளிப்போடும் சிகிச்சை அல்லது உரையாடல் எது?
• நான் விரும்பிய முடிவு கிடைக்காவிட்டாலும் அவரைப் பற்றிக்கொள்வேனா?

ஜெபம்: கர்த்தாவே, நீர் அழைக்கும் இடத்தில் அடி எடுத்துவைக்கும் தைரியத்தையும், நீர் அழைக்காத இடத்தில் நிற்கும் ஞானத்தையும் எங்களுக்குத் தாரும். நாங்கள் அமிழ்ந்துபோகையில் உமது கரத்தால் எங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆமென்.