இரவற் கருவியும் அதன் பழுதும்

ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியொன்று இரவல் போய்த் திரும்பி வருகின்றது. வில்லையிற் கீறல் காணப்படுகின்றது. கொடுத்தவர், "நீ கெடுத்தாய்" என்பர். கொண்டவர், "முன்னரே இருந்தது" என்பர். மாணவராயிருந்த காலத்தில் நாமும் இத்தகைய வழக்கொன்றில் அகப்பட்டு, அரைமாதத்து உணவுச் செலவை ஈடாகச் செலுத்தினோம். அக்கீறல் யாருடையதென்பது இன்றுகாறும் தெளியவில்லை. ஆதலின், இதுபற்றிச் சட்டம் கூறுவதை மாணவர் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இதனை எழுதலானோம்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148-ஆம் பிரிவு முதலாக இதனை வகுத்துரைக்கின்றது. பலர் எண்ணுவதற்கு மாறாக, அது கடமையை முதலிற் கொடுப்பவர் மீதே சுமத்துகின்றது. பயனைக் கெடுப்பதோ இடர் விளைப்பதோ ஆகிய குறையொன்று தமக்குத் தெரிந்திருப்பின், அதனைச் சொல்லியே கொடுத்தல் வேண்டும். முரட்டுக் குதிரையென்று அறிந்தும் அதனை மறைத்து இரவல் கொடுத்தவன், ஏறினவன் விழுந்து காயமுற்றால் அதற்குப் பொறுப்பாளி என்பது சட்டமே காட்டும் உதாரணம். வாடகைக்கு விடுவோர்க்கோ, குறையை அறியேன் என்பதும் புகலாகாது.

இனி, கொண்டவர் கடமை. அத்தன்மையும் மதிப்புமுள்ள தன் சொந்தப் பொருளைச் சாதாரண விவேகமுடைய ஒருவன் எவ்வளவு கவனமாய்க் காப்பானோ, அவ்வளவே சட்டம் கேட்பது. அங்ஙனம் காத்தும் பொருள் கெட்டால், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, ஈடு செய்ய வேண்டுவதில்லை. இது கேட்டு மகிழும் மாணவர் சற்றுப் பொறுப்பாராக. கல்லூரியிற் சேருங்கால் நாம் படியாது கையொப்பமிடும் தாளில் அவ்வுடன்படிக்கை இருத்தலுங் கூடும். அன்றியும், கவனமாய் இருந்தோமென்று காட்டும் பாரம் கொண்டவர் மேலதே. பொருள் அவர் கையிலிருந்ததன்றோ? மிகப் பெருக்கிக் காட்டும் வில்லையைப் பெரிய திருகினாற் கண்ணாடித் தகட்டின்மேல் இடிக்கவிடுதல் கவனக்குறைவு. எண்ணெயிட்டுப் பார்த்த வில்லையைத் துடையாது பெட்டியில் வைத்தலும் அதுவே. நெடுநாள் உழைப்பால் திருகு தளர்தல் அத்தகையதன்று.

எல்லாவற்றினும் கடியது 154-ஆம் பிரிவு. தான் ஏறுவதற்கென்றே குதிரையை இரவல் வாங்கினவன், தன் குடும்பத்தானொருவனை ஏறவிட்டான். அவன் கவனமாகவே செலுத்தியும் குதிரை தற்செயலாய் விழுந்து ஊறுபட்டது. வாங்கினவனே பொறுப்பு! காசிக்குச் செல்லக் கல்கத்தாவில் அமர்த்திய குதிரையைக் கட்டாக்குக்குச் செலுத்தியவனுக்கும் அதே கதி. இரவல் வாங்கிய காமிராவை அறைத்தோழனுக்கு "ஒரு நாளைக்கு மட்டும்" கைமாற்றுவோர் இப்பகுதியை இருமுறை படிப்பாராக. தன் தவற்றால் தவணை கடத்தியவர், அத்தவணை முதல் நேரும் கேட்டிற்கும் பொறுப்பாவர்.

எம் வழக்கிற் பதிவேட்டைப் புரட்டியபோது, "நுண்ணோக்கி 1" என்பதன்றி வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. கொடுக்கும் நாளில் இருவரும் ஒருங்கே நோக்கி, உள்ள கீறல், பயன்படுத்தும் காரியம், திருப்பும் நாள் ஆகியவற்றைக் குறித்து இருவரும் கையொப்பமிட ஐந்து நிமிடம் போதும். திரும்பி வருங்காலும், "வைத்துவிட்டுப் போ" என்னாது, கொணர்ந்தவர் நிற்கும்போதே பெட்டியைத் திறந்து அக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.