நாய் மெல்லும் தோல் எலும்பு: சட்டம் காப்பதும் நாம் காக்க வேண்டியதும்

பல்பொருள் அங்காடிகளில் செல்லப்பிராணிகளுக்கான பகுதியில், இரு முனைகளிலும் முடிச்சிட்ட, எலும்பு வடிவிலான வெளிர்மஞ்சள் பொருளொன்று தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதனை ஆங்கிலத்தில் ‘ரோஹைட்’ என்பர். அதில் எலும்பு இல்லை. அது பெரும்பாலும் மாட்டின் தோல். தோற்பொருள் செய்வோர் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை நீக்கியபின் இரு படைகளாகப் பிளப்பர். உறுதியான மேற்படை காலணிக்கும் பைக்கும் செல்லும். உட்படை பதனிடப்படாமல் கழுவப்பட்டு, சில வேளைகளில் வெளுக்கப்பட்டு, சுருட்டி உலர்த்தப்பட்டு நாய்களுக்காக விற்பனைக்கு வருகிறது.

மாட்டிறைச்சியை வீட்டினுள் கொண்டுவராத குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. மாவுப்பண்டம் போலத் தோன்றும் இதனை அவர்கள் அறியாமல் வாங்கிவிட இடமுண்டு. பொதியின் முன்புறத்தில் உள்ள படத்தை நம்பாது, பின்புறத்தில் உள்ள கூட்டுப்பொருள் பட்டியலை வாசியுங்கள். அங்கே ‘இறைச்சியும் விலங்கு வழிப்பொருள்களும்’ என்ற பொதுப்பெயர் மட்டுமே இருந்தால், எந்த விலங்கு என்று உற்பத்தியாளரைக் கேட்கலாம். அதற்கென இலவசத் தொலைபேசி இலக்கத்தையோ வேறு தொடர்பு வழியையோ செல்லப்பிராணி உணவின் பொதியில் அச்சிட வேண்டும் என்பது சட்டம்.

சட்டம் இன்னொன்றையும் கேட்கிறது. விற்பனைக்கு வரும் மெல்லுபொருள், சல்மொனெல்லா உள்ளிட்ட நோய்க்கிருமிகள் அழியும் அளவுக்குப் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பரிசோதனைக்கு எடுக்கும் 5 மாதிரிகளில், 25 கிராமில் சல்மொனெல்லா சிறிதும் இருத்தலாகாது. இவ்விதி கடுமையானதே. எனினும் தவறுகள் நேரும். 2019 இல் அமெரிக்காவில், நாய்களுக்கென விற்கப்பட்ட உலர்த்திய பன்றிக் காதுகளோடு தொடர்புடைய சல்மொனெல்லா தொற்றினால் 150 இற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நோயுற்றவை நாய்கள் மட்டுமல்ல, மனிதர்களும் என்பதைக் கவனியுங்கள். ஊரில் நாய் முற்றத்தில் படுத்தது. இங்கோ, நாய் எச்சில்படுத்திய தோல்துண்டு கிடக்கும் அதே கம்பளத்தில்தான் குழந்தை தவழ்கிறது. மெல்லுபொருளைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். அதனைச் சமையல் மேடையில் வைக்காதீர்கள். சிறு குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தோர் உள்ள வீடுகளில் இது இல்லாதிருப்பதே மேல்.

ஆனால் பெரிய ஆபத்து கிருமியன்று, விழுங்குதல். நாய் உணவை அரைத்து உண்ணும் விலங்கன்று, பிய்த்து விழுங்கும் விலங்கு. காய்ந்த தோல் எச்சிலில் ஊறி மெதுமெதுப்பாகிப் பசைபோல் நீளும். முழு எலும்பையும் நாயால் விழுங்க முடியாது. அரைமணி நேரம் மென்றபின் எஞ்சும் சிறு துண்டையே அது ஒரே மடக்கில் விழுங்க முயலும். அத்துண்டு தொண்டையை அடைத்தால் மூச்சுத் திணறும். உணவுக்குழாயில் சிக்கலாம். வயிற்றை அடைந்தாலும் தோல் மெதுவாகவே செரிக்கும். ஈரத்தில் ஊதிய துண்டு குடலை அடைத்தால் அறுவைச் சிகிச்சை வேண்டிவரும்.

இந்தக் கடைசித் துண்டைப் பற்றிப் பொதியின் சட்டவிதிகளால் எதுவும் செய்ய இயலாது. இவ்விடத்தில் வேறொரு சட்டம் உரிமையாளரை நோக்குகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, விலங்கின் தேவைகளை நிறைவேற்றுவதற்கு நியாயமான நடவடிக்கைகளை எடுக்கும் கடமையை அதற்குப் பொறுப்பானவர்மீது சுமத்துகிறது. தகுந்த உணவும், வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பும் அத்தேவைகளுள் அடங்கும். தோல் எலும்பைக் கொடுப்பது குற்றமன்று. நாய் மூச்சுத் திணறுவதைக் கண்டும் ‘தானாகச் சரியாகும்’ என்று இரவு முழுவதும் விட்டுவிடுவது வேறு விடயம்.

கொடுப்பதானால், நாயின் வாயைவிடப் பெரிதாகத் தேர்ந்தெடுங்கள். அது மெல்லும் நேரம் முழுவதும் அருகில் இருங்கள். தொழுகைக்கோ வேலைக்கோ போகுமுன் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டாம். இரண்டு நாய்கள் இருப்பின் தனித்தனி அறையில் கொடுங்கள், ஏனெனில் போட்டி வந்தால் நாய் மெல்லாது விழுங்கும். முழுதாக வாய்க்குள் போகும் அளவுக்குத் துண்டு சிறுத்ததும் எடுத்துவிடுங்கள். கையால் பறிக்காதீர்கள், வேறொரு தின்பண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். அவசரமாக விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு இதைக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. மெல்லும் ஆசைக்கு, உள்ளே உணவு அடைக்கக்கூடிய உறுதியான ரப்பர் விளையாட்டுப்பொருள் உண்டு. அதில் வேர்க்கடலை வெண்ணெய் தடவுவோர், சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி அதில் இல்லை என்று உறுதிசெய்க. அது நாய்களுக்கு நஞ்சு. வெங்காயம் சேர்ந்த கறிச்சோறும் அப்படியே. சமைத்த எலும்பு மாற்றாகாது. அது கூரிய சிம்புகளாக உடையும்.

வாயைக் காலால் பிறாண்டுதல், ஓங்கரித்தல், எச்சில் ஒழுகுதல், மீண்டும் மீண்டும் வாந்தி, உணவை மறுத்தல், வயிற்றைத் தொட்டால் முனகுதல், மலம் கழிக்க முக்குதல் ஆகியவை தோன்றினால் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள். உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். உப்பே நாயைக் கொல்லக்கூடும். தோல் எக்ஸ்ரேயில் எலும்பைப்போல் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே நாய் என்ன தின்றது, எப்போது தின்றது என்று சொல்லுங்கள். பொதியையும் எஞ்சிய துண்டையும் கொண்டுசெல்லுங்கள். ஆங்கிலத்தில் விளக்கத் தயங்குவோர்க்கு அப்பொதியே பாதிப் பேச்சைப் பேசிவிடும்.

நள்ளிரவானாலும் தயங்க வேண்டாம். 24 மணி நேர அவசர உதவிக்கு ஏற்பாடு செய்வது சிகிச்சையகங்களில் பணிபுரியும் மிருக வைத்தியர்களின் தொழில்முறைக் கடமை. சிகிச்சையகம் மூடியிருப்பினும் அதன் வழமையான இலக்கத்தை அழைத்தால், எங்கு செல்ல வேண்டும் என்பது அறிவிக்கப்படும். கட்டணத்தை எண்ணி அஞ்சுவோர், குறிப்பிட்ட அரச கொடுப்பனவுகளைப் பெறுபவராயின், பிடிஎஸ்ஏ, புளூ குறொஸ் ஆகிய தொண்டு நிறுவனங்களில் தகுதியை முன்கூட்டியே விசாரித்துப் பதிந்துகொள்வது நல்லது.