காலைச் சிறுநீரும் ஒரு நோட்டுப் புத்தகமும்

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் உள்ள குழந்தையை அழைத்து வரும் பெற்றோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, வீட்டில் செய்த சிறுநீர்ச் சோதனையைக் குறித்து வைத்த நோட்டுப் புத்தகத்தையே. இந்நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டி வழியே புரதம் கசிகிறது. நோய் திரும்பும்போது, இமை வீங்குவதற்கு முன்பே பெரும்பாலும் சிறுநீரில் புரதம் தெரிந்துவிடும். வீக்கத்திற்காகக் காத்திருந்தால் நாள்கள் வீணாகும்.

காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதல் சிறுநீரையே சோதிக்க வேண்டும். நடமாடிய பின் நலமான பிள்ளைக்கும் சிறிது புரதம் வெளியேறக்கூடும். சோதனைப் பட்டையை நனைத்து, டப்பாவில் குறித்துள்ள நேரம் கழிந்ததும் நல்ல வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிடுங்கள். டப்பாவை உடனே மூடுங்கள். ஈரக்காற்றுப் பட்ட பட்டை பொய் சொல்லும்.

தொடர்ந்து 3 நாள்கள் 3+ அல்லது அதற்கு மேல் காட்டினால் நோய் திரும்பியதாகக் கொள்கிறோம், அன்றே வாருங்கள். சளி, காய்ச்சலின்போது புரதம் சில நாள்கள் ஏறி, தானே இறங்குவதும் உண்டு. ஆகவே ஒருநாள் முடிவைக் கண்டு கலங்காமல், நாள்தோறும் சோதித்து எழுதுங்கள். ஆனால் வீக்கமுள்ள குழந்தைக்குக் காய்ச்சலுடன் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் 3 நாள் கணக்கு பாராமல் இரவானாலும் வந்துவிடுங்கள்.

நாங்கள் மிகவும் அஞ்சுவது வேறொன்று: வீக்கம் வடிந்ததும் பிரெட்னிசோலோனைத் தாமே நிறுத்திவிடுவது. பல வாரங்கள் அம்மருந்தை உண்ட உடல், தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் குழந்தை துவண்டுவிடலாம். முகம் உப்பிவிட்டதே என்று உறவினர் சொல்வர். அளவைக் குறைக்கும் நாளை நோட்டிலேயே எழுதித் தருகிறோம்.