சாகாத களை

பயிருக்குப் போட்ட உரத்தைக் களை தின்னும். பயிருக்குப் பாய்ச்சிய நீரைக் களை குடிக்கும். அதனால் உழவர்கள் களை எடுக்கிறார்கள். இதற்கு ஆள் வேண்டும். கூலியும் வேண்டும்.

களையைக் கொல்ல மருந்து வந்தது. அதுதான் களைக்கொல்லி. மருந்து என்று சொன்னாலும் அது நஞ்சுதான்.

கிளைபோசேட் என்பது ஒரு களைக்கொல்லி. அது களையையும் கொல்லும், பயிரையும் கொல்லும். ஆகவே விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். பயிரின் மரபணுவை மாற்றினார்கள். தாய்ச் செடியின் குணத்தை விதைக்குக் கொண்டு செல்வது மரபணு. மாற்றிய பயிர் கிளைபோசேட் பட்டாலும் சாகாது. 1996இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட சோயா விதை விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பருத்தி விதையும் வந்தது.

உழவர்கள் வயல் முழுவதும் தெளித்தார்கள். களை செத்தது. பயிர் நின்றது. ஆண்டுதோறும் அதே நஞ்சைத் தெளித்தார்கள்.

பிறகு என்ன நடந்தது?

ஜார்ஜியா மாநிலத்தின் பருத்தி வயல்களில் ஒரு களை சாகவில்லை. அது நம் தண்டுக்கீரையின் இனம். ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஒரே செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும். கிளைபோசேட் அதைக் கொல்லாது என்பது 2005இல் உறுதியானது.

காரணம் எளிது. ஏராளமான களைகளில் ஏதோ ஒன்று இயல்பாகவே நஞ்சைத் தாங்கும். மற்றவை சாகும். தாங்கிய செடி விதை போடும். மீண்டும் அதே நஞ்சைத் தெளித்தால், அதன் வாரிசுகள் மட்டும் பிழைக்கும். சில ஆண்டுகளில் வயல் முழுவதும் அவையே நிற்கும்.

ஜார்ஜியா உழவர்கள் மீண்டும் கூலி ஆள் வைத்துக் களை வெட்டினார்கள். அமெரிக்காவில் வேறு நஞ்சுகளும் வந்தன. டிகாம்பா அவற்றில் ஒன்று. 2017இல் அது காற்றில் பரவியது. பல மாநிலங்களில் பக்கத்து வயல்களின் சோயாப் பயிர் கெட்டது.

நம் நாட்டிலும் களைகள் இப்படி மாறியது உண்டு. ஹரியானாவில் கோதுமை வயலில் மண்டூசி என்ற களை முளைக்கும். அந்தக் கோதுமை மரபணு மாற்றியது அல்ல. ஆனாலும் ஒரே களைக்கொல்லியைப் பல ஆண்டுகள் தெளித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மண்டூசி சாகாமல் நின்றது. சிலர் விளையாத கோதுமையை மாட்டுத் தீவனமாக அறுத்தார்கள்.

களைக்கொல்லி தாங்கும் மரபணு மாற்றப் பருத்திக்கு இந்திய அரசு அனுமதி தரவில்லை. ஆனாலும் அந்த விதையைச் சிலர் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். அதற்கு ரசீது கிடையாது. முளைக்காவிட்டால் யாரிடம் கேட்பது?

உடல்நலமும் முக்கியம். கிளைபோசேட் புற்றுநோய் தரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் கூறியது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறை இதை ஏற்கவில்லை. 2022இல் இந்திய அரசு ஒரு கட்டுப்பாடு விதித்தது. பயிற்சி பெற்ற பூச்சி ஒழிப்பாளர் வழியாகவே கிளைபோசேட்டைத் தெளிக்க வேண்டும் என்றது.

நினைவில் கொள்ள வேண்டியவை:

1. ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் தெளிக்கக் கூடாது.
2. பயிரை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.
3. களை பூத்து விதை போடும் முன்பே பறிக்க வேண்டும்.
4. விதைக்கு ரசீது வாங்க வேண்டும்.
5. நஞ்சு இருந்த டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ வைக்கக் கூடாது.

கலந்து பேசுங்கள்:

உங்கள் ஊரில் மருந்துக்குச் சாகாத களை உண்டா? அந்த வயலில் எத்தனை ஆண்டுகளாக ஒரே மருந்து தெளிக்கிறார்கள்?