இது என்ன மீன் சந்தையா?

வகுப்பில் சத்தம் அதிகமானால், "இது என்ன மீன் சந்தையா?" என்று ஆசிரியர் அதட்டுவது வழக்கம். மீன் சந்தை என்றால் ஒழுங்கற்ற இடம் என்பது இதன் பொருள். இது உண்மைதானா? விஞ்ஞான முறைப்படி சோதித்துப் பார்ப்போமா?

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி முதல் பழவேற்காடு வரை பல மீனவ ஊர்கள் உள்ளன. பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. இறால், நண்டு, மடவை முதலியவை அங்கே கிடைக்கின்றன. இப்பகுதியில் மீன் விற்கும் இடத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்துடன் செல்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் விதி: கண்டதையும் கருதியதையும் கலக்கக் கூடாது. "அந்த அம்மாள் சண்டை போட்டார்" என்பது நம் கருத்து. "உரத்த குரலில் விலை சொன்னார்" என்பதே நாம் கண்டது. அத்தனை இரைச்சலுக்கு நடுவே விலை கேட்க வேண்டுமானால் குரலை உயர்த்தத்தானே வேண்டும்?

இரண்டாவது விதி: அளக்க வேண்டும். ஏலம் நடந்தால் தொடக்க விலை, ஒவ்வொரு கேள்வி விலை, முடிந்த விலை, ஆன நேரம் ஆகியவற்றை அட்டவணையாக எழுதுங்கள். விலை ஏறுகிறதா, இறங்குகிறதா? நெதர்லாந்தின் பூச்சந்தைகளில் விலை உயரத்தில் தொடங்கி இறங்கும். முதலில் நிறுத்துபவருக்கே சரக்கு. இதற்கு 'டச்சு ஏலம்' என்று பெயர். 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்களும் அதே டச்சுக்காரர்கள்தாம்!

பேரம் ஏன் இவ்வளவு விரைவாக நடக்கிறது? இங்கே பௌதிகம் குறுக்கிடுகிறது. 1 கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைப் பனிக்கட்டி மீனிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்துக்கொள்வதால் மீன் குளிர்ச்சியாக இருக்கிறது. பனிக்கட்டி தீர்ந்துவிட்டால் மீனின் வெப்பநிலை ஏறும். பாக்டீரியா விரைவாகப் பெருகும். எனவே கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் காலதாமதம் என்பது நஷ்டம். அவர் காட்டும் அவசரத்துக்குக் காரணம் குணமல்ல, வெப்பம்.

மூன்றாவது விதி: பார்ப்பவரே பார்க்கப்படும் பொருளை மாற்றிவிடலாம். ஒரு தேக்கரண்டி வெந்நீரில் வெப்பமானியை வைத்தால், அது கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு குறைந்த அளவையே காட்டும். அதுபோலவே, நோட்டுப் புத்தகத்துடன் முன்னால் போய் நின்றால் விற்பவரின் பேச்சு மாறும். ஆகவே முதலில் அனுமதி கேளுங்கள்; பிறகு ஓரமாக நின்று வெகுநேரம் கவனியுங்கள். வியாபாரத்துக்கு இடைஞ்சல் செய்யாதீர்கள்.

நான்காவது விதி: கண்ணுக்குத் தெரியாததைக் கேட்டு அறிய வேண்டும். ஏரியில் யார் எங்கே, என்றைக்கு வலை விரிப்பது என்பதை மீனவர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்துக்குப் 'பாடு' என்று பெயர். சந்தையில் நின்று எத்தனை நாள் பார்த்தாலும் இது தெரியாது. கரையில் காணும் இரைச்சலுக்குப் பின்னால் நீரில் எத்தகைய ஒழுங்கு இருக்கிறது பாருங்கள்!

சந்தைக் கூட்டத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் கால்ட்டன். 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில், ஒரு மாட்டின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. அதில் கிடைத்த 787 சீட்டுகளை அவர் வரிசைப்படுத்தினார். நடுவில் இருந்த மதிப்பு 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198 பவுண்டு. பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! தனித்தனியாகப் பலர் தவறினாலும், கூட்டத்தின் நடு மதிப்பு உண்மைக்கு மிக அருகில் இருந்தது.

நீங்களும் செய்து பாருங்கள்: வீட்டுக்கு வாங்கிய ஒரு கூறு இறாலை நண்பர்கள் 15 பேரிடம் காட்டி எடையைக் கேளுங்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக் கூடாது. விடைகளை ஏறுவரிசையில் எழுதி, எட்டாவது எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் நிறுத்து ஒப்பிடுங்கள். அதே கூற்றை மீன் விற்கும் அம்மாள் ஒருவரிடமும் காட்டி எடை கேளுங்கள். எது உண்மைக்கு அருகில் வருகிறது, 15 பேரின் நடு மதிப்பா, அவருடைய ஒரே பார்வையா?