ஒரே இஎம்ஏ, மூன்று விடைகள்

பங்குச்சந்தை வரைபடம் பார்க்கிறவர்களுக்கு நகரும் சராசரி அரிச்சுவடி. அதனாலேயே டெக்னிக்கல் அனாலிசிஸ் லைப்ரரி எழுத உட்காருகிறவர்கள் அதை அரை மணி நேர வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே நுழையும் பிழை சத்தம் போடாது. கோடு வழவழப்பாகவே வரும், எண் மட்டும் தவறாக இருக்கும்.

நம்பிக்கை: பிரபல லைப்ரரி தரும் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் என் நிரல் தவறு.

புது விலைக்குக் கூடுதல் எடை தரும் நகரும் சராசரிதான் இஎம்ஏ. இன்றைய இஎம்ஏவைக் கணக்கிட நேற்றைய இஎம்ஏ வேண்டும். முதல் நாளுக்கு நேற்று ஏது? அங்கேதான் வழி பிரிகிறது. குளோசிங் விலை 100, 102, 104 என்று வைத்துக்கொண்டு 3 நாள் இஎம்ஏவைப் போட்டுப் பாருங்கள். புது விலைக்குப் பாதி, பழைய மதிப்புக்குப் பாதி. முதல் விலையிலிருந்தே தொடங்கினால் மூன்றாம் நாள் 102.5 வரும். முதல் மூன்று நாள் எளிய சராசரியிலிருந்து தொடங்கினால் 102. பாண்டாஸ் லைப்ரரியில் எதையும் மாற்றாமல் விட்டால், கையில் உள்ள நாட்களின் எடையால் மட்டும் வகுத்து 102.86 என்று சொல்லும். டிஏ-லிப் லைப்ரரி வழக்கமாக இரண்டாவது வழியில் போகும், மெட்டாஸ்டாக் மென்பொருளின் முறையைக் கேட்டால் முதல் வழிக்கு மாறும்.

மூன்றும் சரியான விடைகளே. விலை 106, 108 என்று தொடர்ந்தால் முதல் இரண்டு வழிகளுக்கு இடையிலான வித்தியாசம் 0.5, 0.25, 0.125 என்று கரைந்துகொண்டே போகும். ஒப்பிடும் முன் எந்தத் தொடக்கம் என்பதை முடிவு செய்து, லைப்ரரியின் விளக்கக் குறிப்பில் எழுதிவையுங்கள். அதை எழுதாமல் விடுவதைத்தான் நான் உண்மையான பிழை என்பேன்.

நம்பிக்கை: 10 நாள் இஎம்ஏ 10 நாள் விலையைத்தான் பார்க்கும்.

இல்லை. பத்து நாளுக்கு முந்தைய விலைகளிடம் இன்னும் சுமார் 13 சதவீத எடை இருக்கும். நாள் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் எடையும் ஒன்றாக இருக்கும் என்பதும் இல்லை. 1978-இல் வெல்லஸ் வைல்டர் தன் ஆர்எஸ்ஐ குறிகாட்டிக்குப் பயன்படுத்திய 14 நாள் முறையில் புது மதிப்புக்கு 14-இல் ஒரு பங்குதான். இஎம்ஏ கணக்கில் அது 27 நாளுக்குச் சமம்.

நம்பிக்கை: பழையதைக் கழி, புதியதைக் கூட்டு; எளிய சராசரியில் பிசக வழியே இல்லை.

வேகமான வழிதான். ஆனால் ஒவ்வொரு கூட்டலிலும் விழும் கடுகளவு தசமப் பிழை வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். 1982-இல் 1000 புள்ளிகளில் தொடங்கிய வான்கூவர் பங்குச்சந்தைக் குறியீடு, மூன்று தசமத்துக்கு மேல் உள்ளதை முழுமையாக்காமல் வெட்டிக்கொண்டே வந்ததால் இரண்டு வருடத்துக்குள் ஏறக்குறைய பாதியானது. திருத்திக் கணக்கிட்டபோது 1000-ஐத் தாண்டியிருந்தது. இன்றைய இரட்டைத் துல்லிய எண்களில் இவ்வளவு சேதம் வராது. ஆனால் நடுவில் ஒரு நாள் விலை விடுபட்டு 'எண் அல்ல' என்ற மதிப்பு உள்ளே வந்தால், அதைக் கழித்தாலும் போகாது. அதற்குப் பின் வரும் எல்லா நாளும் கெடும். ஆயிரமாவது நாளில் சராசரிக்குள் வரும் எல்லா நாள் விலையையும் புதிதாகக் கூட்டி ஒப்பிடும் டெஸ்ட் ஒன்று கட்டாயம் வேண்டும்.

நான் முதலில் எழுதச் சொல்லும் டெஸ்ட் இதைவிட எளியது. 1, 2, 3 என்று சீராக ஏறும் விலையைக் கொடுங்கள். 5 நாள் எளிய சராசரி எப்போதும் சரியாக 2 பின்தங்கி வர வேண்டும். எளிய சராசரியில் தொடங்கிய 5 நாள் இஎம்ஏவும் அதே 2 பின்தங்கி வர வேண்டும். இந்த விடைக்கு எந்த லைப்ரரியையும் கேட்க வேண்டாம், ஒரு காகிதம் போதும்.